அகதிகளுக்குப் போகும் ஜகாத்: யார் கையில் கொடுப்பது?

ரமலான் பிறை தெரிவதற்கு முன்பே முஹல்லா (பள்ளிவாசலைச் சுற்றிய குடியிருப்பு) வாட்ஸ்அப் குழுக்களில் வேண்டுகோள்கள் வந்து குவிந்துவிடும். சூடான், காஸா, ரோஹிங்யா, ஏமன். ஒவ்வொன்றின் கீழும் ஒரு க்யூஆர் கோடு. கூடவே, உங்கள் ஜகாத் முழுவதும் உரியவர்களுக்கே என்று ஒரு வரி. ஜகாத் என்பது வசதியுள்ள முஸ்லிம் ஆண்டுதோறும் கட்டாயமாகக் கொடுக்கவேண்டிய பங்கு. 2024 முடிவில் உலகெங்கும் வீடுவாசலை விட்டு விரட்டப்பட்டிருந்தவர்கள் 12 கோடியே 30 லட்சத்துக்கும் மேல் என்று ஐ.நா. அகதிகள் ஆணையம் கணக்கிட்டது. பட்டியலின் தலைப்பில் இருந்த நாடுகள் சூடான், சிரியா, ஆப்கானிஸ்தான். கொடுக்கவேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. யார் மூலமாக என்று கேட்டால்தான் பைத்துல்மால் (ஜமாஅத் பொது நிதி) கமிட்டியில் ஆளுக்கொரு பேச்சு.

நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம் என்பதைத்தான் பெரும்பாலானோர் முதலில் கேட்கிறார்கள். அதை இரண்டாவதாகக் கேட்டால் போதும் என்பது என் எண்ணம். முதலில் கேட்கவேண்டியது கடைசிக் கட்டத்தைப் பற்றி. அந்தப் பணம் என்னவாக மாறி, யார் கையிலிருந்து, எந்தக் குடும்பத்தின் கைக்குப் போகிறது? இதற்குத் தெளிவான பதில் சொல்ல முடியாத அமைப்பு செலவே பிடிக்காவிட்டாலும் ஜகாத்துக்குச் சரிப்படாது.

ஏனென்றால் ஜகாத் வெறும் நன்கொடை இல்லை. குர்ஆனின் தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் எட்டு வகையினரைச் சொல்கிறது. அகதி என்ற சொல் அதில் இல்லை. ஆனால் ஏழை, வறியவர், கடன்பட்டவர், வழிப்போக்கர் என்ற நான்கில் ஒன்றிலாவது ஓர் அகதிக் குடும்பம் பெரும்பாலும் அடங்கிவிடும். சிக்கல் தகுதியில் இல்லை, கொடுக்கும் முறையில். பெறுபவரின் உடைமையாக அது மாறவேண்டும். கிணறு வெட்டுவதற்கும் பள்ளிக்கூடம் கட்டுவதற்கும் ஜகாத்தை எடுக்கக்கூடாது என்பதுதான் பெரும்பாலான ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அறிஞர்களின் நிலைப்பாடு. முஸ்லிம் அல்லாதவருக்கு ஜகாத் இல்லை, சதகா எனும் விருப்பக் கொடை உண்டு என்பதும் அப்படியே. அப்புறம் மத்ஹப் எனும் சட்டப் பள்ளிகளுக்கிடையே வித்தியாசம் இருக்கிறது. காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கை என்று கடலோரத்தில் ஷாஃபிஈ. உள்நாட்டில் பெரும்பாலும் ஹனஃபி. ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி, ஊரில் உரியவர்கள் இருக்கும்போது ஜகாத்தை வெளியூருக்குக் கொண்டுபோகக் கூடாது. ஏமனுக்குத் தம் தோழர் முஆத் ரலி அவர்களை நபியவர்கள் அனுப்பியபோது, அங்குள்ள செல்வந்தர்களிடம் எடுத்து அங்குள்ள ஏழைகளுக்குத் திருப்பித்தரச் சொன்ன நபிமொழியை ஆதாரம் காட்டுவார்கள். ஹனஃபிகளிடம் இது விரும்பத்தகாதது என்ற அளவில்தான். வெளியூரில் தேவை அதிகம் என்றாலோ உறவினர் என்றாலோ தடையில்லை. பணத்துக்குரிய ஜகாத்தைப் பொருளாகக் கொடுப்பதிலும் ஹனஃபிகள் தாராளம், ஷாஃபிஈகள் கறார்.

இந்தப் பின்னணியில் ஐ.நா. வழியைப் பார்க்கலாம். யு.என்.ஹெச்.சி.ஆர். என்று நாம் சொல்லும் ஐ.நா. அகதிகள் ஆணையம் 2019இல் அகதிகளுக்கான ஜகாத் நிதியை முறையாகத் தொடங்கியது. அதற்கு முன் சில ஆண்டுகள் சோதனை ஓட்டம். பள்ளிவாசலுக்கும் ஐ.நா.வுக்கும் என்ன சம்பந்தம் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் கேட்பார்கள் என்பது அவர்களுக்கும் தெரிந்தே இருந்திருக்க வேண்டும். ஃபத்வாக்களை, அதாவது மார்க்கத் தீர்ப்புகளை, முதலில் வாங்கிக்கொண்டுதான் இறங்கினார்கள். மொரிட்டானியாவின் ஷைக் அப்துல்லாஹ் பின் பய்யா, எகிப்தின் ஃபத்வா அமைப்பான தாருல் இஃப்தா, ஏமனின் ஹள்ரமவ்த் பகுதியிலுள்ள தரீம் நகர உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) ஆகியோர் ஒப்புதல் கொடுத்தவர்களில் அடங்குவர். நம் கடலோர ஊர்களுக்கு இதில் தரீம் முக்கியம். அது ஷாஃபிஈ மத்ஹபின் கோட்டை. அங்கிருந்து வந்த ஃபத்வா நிபந்தனைகளோடு அனுமதி தருகிறது என்பதைச் சொன்னால், வெளியூருக்குப் போகக்கூடாது என்று ஆரம்பிக்கும் விவாதம் கொஞ்சம் நிதானமாகிறது.

இந்த நிதியின் பெரிய பலம், ஜகாத் தொகையிலிருந்து நிர்வாகச் செலவு எடுப்பதில்லை என்ற விதி. அந்தச் செலவை ஆணையம் வேறு வருவாயிலிருந்து பார்த்துக்கொள்கிறது. ஆனால் என்னைக் கவர்ந்தது ஜோர்டானில் பல ஆண்டுகளாகப் பணம் போய்ச்சேர்ந்துவந்த விதம். அம்மானிலோ இர்பிதிலோ வாடகை அறையில் இருக்கும் சிரியக் குடும்பத்தின் வீட்டுக்கு ஆட்கள் போய் நிலைமையைப் பார்த்துப் பட்டியல் போடுகிறார்கள். தேர்வான குடும்பத்துக்குப் பணம் வந்திருப்பதாகக் கைபேசியில் செய்தி வரும். கெய்ரோ அம்மான் வங்கியின் ஏடிஎம் முன்னால் போய் நின்று, கண்ணைக் கேமராவுக்கு நேராகக் காட்டினால் கருவிழியை அடையாளம் கண்டு பணத்தைத் தள்ளுகிறது. அட்டை இல்லை, ரகசிய எண் இல்லை, இடையில் தரகர் இல்லை. வாடகைக்கா, மருந்துக்கா, பிள்ளையின் செருப்புக்கா என்பதை அந்த அம்மாவே முடிவு செய்துகொள்கிறார். உடைமையாக்கிக் கொடுப்பது என்று கிதாபுகளில் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான நடைமுறையை நான் பார்க்கவில்லை.

எல்லா நாட்டிலும் இப்படி நடப்பதில்லை. வங்கதேசத்தில் காக்ஸ் பஜார் முகாம்களில் ரோஹிங்யாக்களுக்குப் பெரும்பாலும் ரொக்கம் கிடையாது. பொருளாகவோ மின்னணு வவுச்சராகவோதான். அதற்காக அது மட்டமான உதவி என்று சொல்லிவிட முடியாது. 2017 ஆகஸ்டுக்குப் பிறகு ஏழு லட்சம் பேருக்கு மேல் மியான்மரிலிருந்து எல்லை தாண்டி வந்தபோது அடுப்புக்கு விறகு தேடிக் காட்டுக்குள் போனார்கள். சுற்றியிருந்த காடு மொட்டையானது. யானையிடம் சிக்கி இறந்தவர்களும் உண்டு. 2018இலிருந்து முகாம்களில் கேஸ் சிலிண்டர் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் அந்த அலைச்சல் குறைந்தது. ஒரு சிலிண்டர் குடும்பத்தின் கைக்கே போகிறது என்பதால் ஹனஃபி ஜமாஅத்துக்குச் சிக்கலில்லை. ஷாஃபிஈ ஜமாஅத் என்றால் உங்கள் ஹஸ்ரத்திடம் (பள்ளிவாசல் ஆலிமிடம்) கேட்டுவிட்டு, நாடு குறிப்பிட்டுக் கொடுக்கும்போது ரொக்கம் போகும் நாட்டைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

குறைகளும் இருக்கின்றன. முதலாவது, குடும்பத்தை நீங்கள் தேர்வு செய்ய முடியாது, பட்டியல் அவர்களுடையது. இரண்டாவது, ஆணையமே இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. அமெரிக்காவும் பிற நாடுகளும் உதவியைக் குறைத்ததால் 2025இல் சுமார் 3,500 பணியிடங்களை நீக்குவதாக அறிவித்தது. வீட்டுக்கு வீடு போய்ப் பட்டியல் போடுபவர்கள் குறைந்தால், ஜகாத் உரியவரைத்தான் அடைகிறது என்ற உறுதியும் அதே அளவு தளரும். மூன்றாவது, பலர் தெரியாமல் குழம்பும் இடம்: காஸா இந்த ஆணையத்தின் பொறுப்பில் இல்லை. பாலஸ்தீன அகதிகளை அங்கே கவனிப்பது அன்ர்வா என்ற தனி அமைப்பு. காஸாவை நினைத்துக்கொண்டு அகதிகள் ஆணையத்துக்கு அனுப்பினால் பணம் வேறு எங்கோ போகும். வீணாகாது, ஆனால் நீங்கள் நினைத்த இடத்துக்கு இல்லை.

அடுத்து இஸ்லாமியத் தொண்டு நிறுவனங்கள். 1984இல் பர்மிங்ஹாமில் மருத்துவர் ஹானி அல்பன்னாவும் நண்பர்களும் ஆப்பிரிக்கப் பஞ்சத்துக்காகத் தொடங்கிய இஸ்லாமிக் ரிலீஃப் இவற்றில் பெரியது. ஜகாத் என்று எழுதிக் கொடுத்தால் தனிக் கணக்கில் வைக்கிறார்கள். ஆனால் நிர்வாகத்துக்கு ஒரு பங்கு பிடிக்கும் வழக்கம் இத்தகைய அமைப்புகளில் பரவலாக உண்டு. எட்டு வகையினரில் ஒருவரான வசூலிப்பவருக்கு (ஆமில்) எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 சதவீதம் வரை, என்பதைத்தான் நியாயமாகக் காட்டுவார்கள். ஷாஃபிஈ உலமாக்கள் பலர் இதில் உடன்படுவதில்லை. ஆமில் என்றால் ஆட்சியாளர் நியமித்தவர். தொண்டு நிறுவனம் உங்கள் வகீல் (பிரதிநிதி) மட்டுமே, வகீலுக்கு ஜகாத்தில் பங்கு இல்லை என்பது அவர்கள் வாதம். எனக்கும் அதுதான் சரியாகப்படுகிறது. நிறுவனத்துக்கு அனுப்புவதாக இருந்தால், செலவுக்கென்று கொஞ்சம் சதகாவைத் தனியாகச் சேர்த்து அனுப்பிவிடுங்கள். பிரச்சினை அங்கேயே முடிந்தது.

ஆனால் இந்த நிறுவனங்களின் உண்மையான பலம் ஜகாத்தில் இல்லை. அவர்கள் மற்ற சமயத்தாரோடு சேர்ந்து வேலை செய்யும்போதுதான் அது தெரிகிறது. நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது: மூதூர். 2006 ஆகஸ்டில் திருகோணமலை மாவட்டத்தின் அந்தச் சிற்றூரில் விடுதலைப் புலிகளுக்கும் இராணுவத்துக்கும் சண்டை மூண்டது. முஸ்லிம்கள் கந்தளாய்ப் பக்கம் ஓடினார்கள்; அக்கம்பக்கத்துத் தமிழர்களும் தங்கள் கிராமங்களை விட்டு இடம்பெயர்ந்தார்கள். அதே நாட்களில் பிரெஞ்சுத் தொண்டு அமைப்பொன்றின் ஊழியர்கள் 17 பேர் மூதூர் அலுவலகத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பதினாறு பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். யார் எதைக் கொண்டுவந்தாலும் யாருக்காக என்று சந்தேகப்படும் காலம் அது. சுனாமிக்குப் பிறகு மதம் மாற்ற வந்தவர்கள் என்ற பேச்சு வேறு கிழக்கில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தது.

அங்கேதான் லண்டனைச் சேர்ந்த முஸ்லிம் எய்டும், அமெரிக்காவின் யுனைடெட் மெதடிஸ்ட் சபையின் நிவாரண அமைப்பான அம்கோரும் கைகோத்தன. ஆள், பொருள், போக்குவரத்து எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டார்கள். முஸ்லிம் கிராமத்தில் இமாமும், தமிழ் கிராமத்தில் பாதிரியாரும் கோயில்காரர்களும் முன்னால் நின்றால் வண்டிக்கு வழி கிடைக்கும். மெதடிஸ்ட்காரர்கள் தனியாக வந்திருந்தால் எழுந்திருக்கக்கூடிய கேள்வியும், முஸ்லிம் அமைப்பு தனியாகத் தமிழ் கிராமத்துக்குள் போயிருந்தால் எழுந்திருக்கக்கூடிய கேள்வியும் எழவில்லை. அது நன்றாக நடந்ததால் 2007இல் இரண்டு அமைப்புகளும் உலக அளவிலான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இஸ்லாமிக் ரிலீஃப்பும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் 2014இல் செய்துகொண்ட உடன்பாடு இதே பாதையில் வந்தது. துயரத்திலிருக்கும் அகதிகளின் மனநலத்தைக் கவனிக்கும்போது அவர்களின் மத நம்பிக்கையை எப்படி மதிப்பது என்பதற்கு அவை இணைந்து 2018இல் ஒரு வழிகாட்டியும் கொண்டுவந்தன. தொழ இடம் கேட்பவரை மனநல ஆலோசகரிடம் மட்டும் அனுப்பிவைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள் என்பதுதான் இதன் சாரம் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

இந்த மாதிரி இணைப்புகளுக்கு என் வோட்டு சதகாவில்தான், ஜகாத்தில் இல்லை. மூதூர் போன்ற இடத்தில் முஸ்லிமுக்கு ஒரு மூட்டை, அடுத்த வீட்டுத் தமிழருக்கு ஒன்றுமில்லை என்று கொடுத்தால், உதவியே பகையாகிவிடும். எல்லோருக்கும் கொடுக்கும் நிதி ஜகாத் நிபந்தனைக்குள் அடங்காது. மும்தஹினா அத்தியாயத்தின் 8ஆம் வசனம் நம்மோடு போரிடாதவர்களுக்கு நன்மை செய்வதைத் தடுக்கவில்லை. சதகா அதற்கென்றே திறந்திருக்கும் கதவு. இணைப்புத் திட்டம் ஜகாத் கேட்டு வந்தால் தயங்குங்கள். சதகா கேட்டு வந்தால் தாராளமாகக் கொடுங்கள்.

நிறுவனங்களைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம் தெரிந்திருக்கவேண்டும். முஸ்லிம் எய்டின் நிர்வாகத்தில் குறைகள் தெரிந்து பிரிட்டனின் அறநிறுவன ஆணையம் 2016இல் இடைக்கால மேலாளரை நியமித்தது. பெரிய பெயர் என்பதற்காக ஆண்டறிக்கையைப் படிக்காமல் விடக்கூடாது என்பதற்கு இது போதும். இன்னொன்று வளைகுடாத் தமிழர்களுக்கு: 2014 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் வெளியிட்ட பயங்கரவாதப் பட்டியலில் இஸ்லாமிக் ரிலீஃப்பின் பெயரும் இருந்தது. அமைப்பு அதை மறுத்தது, பிரிட்டனில் பதிவுபெற்று இயங்கிவருகிறது. ஆனால் துபாயில் உட்கார்ந்துகொண்டு அதற்குப் பணம் அனுப்புவது விஷப்பரீட்சை. அமீரகத்தில் உரிமம் பெற்ற அமைப்புகள் தவிர வேறு யாரும் நன்கொடை திரட்டுவதே குற்றம். நம் ஊர்க்காரர்கள் அறைத் தோழர்களிடம் வாட்ஸ்அப்பில் வசூல் செய்வதும் அதற்குள் வரும். இது பலருக்குத் தெரிவதில்லை.

மூன்றாவது வழி, நேரடியாகப் பக்கத்தில் இருப்பவருக்கு. அகதி என்றதும் கடல் கடந்த முகாம்தான் நினைவுக்கு வருகிறது. சென்னையை ஒட்டிய கேளம்பாக்கத்தில் புயல் பாதுகாப்பு மையக் கட்டடத்தில் ரோஹிங்யாக் குடும்பங்கள் ஆண்டுக்கணக்காக வாழ்கின்றன. பழைய பொருள் பொறுக்கி விற்றுப் பிழைப்பவர்கள் அவர்களில் உண்டு; பிள்ளைகள் பக்கத்து அரசுப் பள்ளியில் தமிழ் படிக்கிறார்கள். ஷாஃபிஈ வரம்பின்படி சென்னை ஜமாஅத் ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எது? நடுவில் வங்கி இல்லை, வகீல் இல்லை, மாற்று விகிதம் இல்லை. குடும்பத்தலைவியின் கையில் ரொக்கமாகவே கொடுக்கலாம்.

ஆனால் இதில்தான் கவனமும் அதிகம் வேண்டும். இந்தியா 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் சேரவில்லை. ஐ.நா. அட்டை கையில் இருந்தாலும் ரோஹிங்யாக்களை மத்திய அரசு சட்டவிரோதக் குடியேறிகளாகவே பார்க்கிறது. டெல்லி காளிந்தி குஞ்ச் பகுதியில் ஜகாத் ஃபவுண்டேஷன் ஆஃப் இந்தியா தன் நிலத்தில் ரோஹிங்யாக்களுக்கு இடம் கொடுத்தது. அங்கிருந்த குடிசைகள் 2018இல் தீக்கிரையாயின. அந்தப் பகுதியில் 2021இலும் தீ. இடம் கொடுப்பதோடு பொறுப்பு முடிந்துவிடுவதில்லை என்பது அங்கே தெரிந்தது. ஆகவே நேரடி உதவி என்றால் ஜமாஅத் பெயரில், ரசீதோடு, முகாமைக் கவனிக்கும் அமைப்புக்கும் உள்ளூர் அதிகாரிகளுக்கும் தெரிய, புகைப்படம் எடுக்காமல். கடைசியாகச் சொன்னதை அழுத்திச் சொல்கிறேன். நன்கொடையாளருக்குக் காட்ட எடுத்த படம் நாளைக்கு அந்தக் குடும்பத்துக்கே வினையாகலாம்.

ராமநாதபுரம் பக்கத்தவர்களுக்கு இன்னொன்றும் அருகிலேயே இருக்கிறது. மண்டபம் முகாம். 2022இல் இலங்கைப் பொருளாதாரம் சரிந்தபோது படகில் தனுஷ்கோடி வந்து இறங்கியவர்களை அங்கேதான் வைத்தார்கள். பெரும்பாலும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் என்பதால் ஜகாத் வராது. கீழக்கரையிலிருந்து சதகா போவதற்கு என்ன தடை? அதற்கு எதிர்ப்புச் சொல்பவர்கள் 1990 அக்டோபரை எடுப்பார்கள். யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொல்லி, வடக்கிலிருந்து சுமார் 75,000 பேரைப் புலிகள் விரட்டிய மாதம் அது. அந்த மக்கள் புத்தளத்தில் பல பத்தாண்டுகள் கூடாரத்திலும் ஓலைக்குடிசையிலும் கிடந்தார்கள். அந்தக் கணக்கை மண்டபத்துக்கு வந்த மீனவக் குடும்பத்தின் மேல் எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை.

வக்ஃபு மாதிரியான நீண்டகாலத் திட்டங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இஸ்லாமிய வளர்ச்சி வங்கியும் ஐ.நா. அகதிகள் ஆணையமும் சேர்ந்து 2022இல் அறிவித்த அகதிகளுக்கான உலக இஸ்லாமிய நிதி, முக்கியமாக முதலைத் தொடாமல் அதன் வருமானத்தைச் செலவழிப்பது. யோசனை நல்லது, புத்தளத்தைப் பார்த்தவர்கள் அகதி வாழ்க்கை ஒரு ரமலானில் முடிவதில்லை என்பதை ஒப்புக்கொள்வார்கள். ஆனால் அது நாடுகளுக்கும் பெரும் செல்வந்தர்களுக்கும் ஆன வேலை. நம் முஹல்லாவின் சில லட்சங்களை அங்கே கொண்டுபோய் முடக்கத் தேவையில்லை. ஜகாத்தை முதலீட்டில் வைப்பதைப் பெரும்பாலான உலமாக்கள் ஏற்பதும் இல்லை.

சட்டப் பக்கமும் முடிவை மாற்றும். தமிழ்நாட்டு ஜமாஅத் அறக்கட்டளையாகப் பதிவாகியிருந்தால், இந்தியாவுக்கு வெளியே செலவழிக்கும் தொகைக்கு வருமான வரி விலக்கு பொதுவாகக் கிடையாது. தனி அனுமதி வாங்கவேண்டும். தனிநபர் என்றால் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப அனுமதிக்கும் ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டத்தில், ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரம்புக்குள், நன்கொடை என்று எழுதி வங்கி மூலம் அனுப்பலாம். அதனால் கமிட்டி உள்ளூர் வேலையைப் பார்ப்பதும், வெளிநாட்டுக்கு அனுப்ப விரும்பும் தனவந்தர்கள் தங்கள் பங்கைத் தாங்களே அனுப்புவதும்தான் எளிது. சிங்கப்பூர்த் தமிழ் முஸ்லிம்கள் ஜகாத்தை முயிஸ் எனும் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்தின் வழியாகச் செலுத்திவிட்டு, வெளிநாட்டு அகதிகளுக்கென்றால் 2009இலிருந்து இயங்கும் ரஹ்மத்தன் லில் ஆலமீன் அறக்கட்டளைக்குக் கொடுப்பது நிம்மதி. அனுமதி வாங்கும் தலைவலியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

என்னிடம் கேட்டால் இப்படிப் பிரிப்பேன். ஊர் ஏழைகளுக்கு உரியதைத் தொடாமல், அகதிகளுக்கென்று ஒதுக்கிய ஜகாத்தில் பக்கத்தில் முகாம் இருந்தால் அங்குள்ள முஸ்லிம் குடும்பங்களுக்கு முதலில் ரொக்கம். மீதி ஐ.நா. ஜகாத் நிதிக்கு, ரொக்கம் போகும் நாட்டைக் குறிப்பிட்டு. சதகா முழுவதும் சமயங்களைக் கடந்து வேலை செய்யும் இணைப்புகளுக்கும் மண்டபம் மாதிரியான இடங்களுக்கும். ஹனஃபி ஜமாஅத் சூடானுக்கு அனுப்பத் தயங்கவே தேவையில்லை என்று நினைப்பவர்கள் இந்த வரிசையைத் திருப்பிப் போட்டாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

எந்த அமைப்பானாலும் அனுப்புவதற்கு முன் ஒரு மின்னஞ்சல் போட்டு நான்கு கேள்வி கேளுங்கள். ஜகாத்துக்குத் தனிக் கணக்கு உண்டா? அதிலிருந்து எதற்காவது பிடிக்கிறீர்களா? குடும்பத்தின் கைக்குப் பணமாகப் போகிறதா பொருளாகவா? நான் இன்று அனுப்பினால் எந்த மாதத்துக்குள் போய்ச்சேரும்? நான்காவதைத்தான் பலர் கேட்பதில்லை. காரணமில்லாமல் ஜகாத்தைத் தாமதிக்கக்கூடாது. ஆனால் ரமலான் 27ஆம் இரவில் எல்லோரும் ஒரே நேரத்தில் அனுப்பும் பணம் பட்டியல் போட்டு விநியோகமாக மாதங்கள் ஆகின்றன. அதனால் ஜகாத் கணக்கு முடியும் தேதி உங்களுக்குத் தெரிந்திருந்தால் ரமலானுக்கு முந்தைய மாதங்களான ரஜபிலோ ஷஅபானிலோ அனுப்பிவிடுங்கள். முன்கூட்டியே கொடுப்பதற்கு இரண்டு மத்ஹபுகளிலும் இடமிருக்கிறது.